சொல்லிப் பெற்ற பிள்ளை

மலையடிவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் சீனியம்மாள் ஒரு மகனைப் பெற்றாள். அப்போது அவளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது, கல்யாணம் என்ற ஒன்று நடந்திருக்கவில்லை, இடது காலில் சர்க்கரைப் புண் கணுக்கால் வரை ஏறிக் கறுத்திருந்தது. பிரசவ வார்டு கீழ்த்தளத்தில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாயால் சொன்னாள், பிள்ளை வந்தான். வந்தவன் பச்சைக் குழந்தையாகவும் வரவில்லை. அளவாக வெட்டிய மீசையும் தேய்த்த சட்டையுமாக, கையில் மாதுளம்பழப் பையோடு, பார்வையாளர்களை உள்ளே விடும் சாயங்கால நேரம் பார்த்துச் சரியாக வந்து சேர்ந்தான்.

அதற்கெல்லாம் முன்னால் ஹெப்சிபா வந்திருந்தாள். பட்டணத்தில் படித்துவிட்டு, நோயாளிகளோடு பேசுவதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பெண். நோயைப் பார்த்து வைத்தியம் செய்யாதீர்கள், ஆளைப் பார்த்துச் செய்யுங்கள் என்பது அவள் பேச்சு. ஒவ்வொரு கட்டிலாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே பிறந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எதற்கு அழுதீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டு, கேட்டதைச் சுருக்கி, தலைமாட்டில் தொங்கும் பலகையில் கலர் சாக்பீஸால் எழுதி வைத்தாள். கதைப் பலகை என்று அதற்குப் பெயரானது. பொய் சொல்லக் கூடாது, அதனால் நல்லது நடந்தது. பாத்திமுத்து என்ற அம்மாள் ஊசியைக் கண்டாலே கட்டிலை விட்டு இறங்கி ஓடுகிறவள். அவள் நோன்பு மாதத்தில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றியவள் என்று பலகையில் ஏறியதிலிருந்து, நர்ஸ் மரியசெல்வி கஞ்சியில் எப்போது பூண்டு போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவாள், பாத்திமுத்து பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்துத் தேய்த்தும் முடித்திருப்பாள். தண்டவாளத்தில் விளையாடிய இரண்டு பிள்ளைகளை ரயிலுக்கு முன்னால் பாய்ந்து இழுத்தவள் என்று பலகையில் ஏறிய ஒரு ரயில்வே கேட் கீப்பர் மனைவிக்கு, டாக்டர் அழகப்பனே எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

சீனியம்மாளின் கட்டில் ஓரத்தில் இருந்தது. ஹெப்சிபா அவளிடமும் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன வேலைம்மா செஞ்சீங்க?"

"சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி மடிப்பேன் மேடம். தறியில இருந்து வரும். மடிச்சு அடுக்கிக் கட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநா வரும். அதையும் மடிப்பேன்."

"கஷ்டமான காலம், சந்தோஷமான காலம்னு ஏதாவது?"

சீனியம்மாள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "உக்காந்தே கெடந்தேனா, ஒண்ணும் தெரியல மேடம்."

பலகையில் "துணி மடிப்பவர். தனியாக வாழ்பவர்" என்று ஏறியது. மேலே எழுத இடம் நிறைய இருந்தது. ஹெப்சிபா அந்த வெற்றிடத்தில் ஒரு பூ வரைந்துவிட்டுப் போனாள்.

யாரும் சீனியம்மாளைக் கொடுமைப்படுத்தவில்லை. கண்கள் அவள் மேல் நிற்காமல் வழுக்கிப் போயின, அவ்வளவுதான். மற்ற கட்டில்களில் நின்று நின்று, கதை பேசிப் பேசி வருவதால், ஓரத்துக் கட்டிலுக்கு வந்து சேரும்போது நேரம் போயிருக்கும், கை அசந்திருக்கும். புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டை நனைத்துப் பிரிக்கப் பொறுமை இருக்காது, வெடுக்கென்று உரிப்பார்கள். விரிப்பு ஈரமாகிவிட்டது என்று அவள் சொன்னால், "இந்தா வர்றேன்மா" என்று சொல்லிவிட்டுப் போன மரியசெல்வி, அந்தப் பக்கம் கேட் கீப்பர் மனைவியின் தலையை வாரிக்கொண்டிருப்பாள். ஈரத்தில் கிடந்தபடி சீனியம்மாள் அந்த வார்டின் எல்லாப் பலகைகளையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்தபோது அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. இங்கே மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான், மருந்தோடு வரும் கைதான் வேறு வேறு.

மறுநாள் ஹெப்சிபாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அன்னைக்குக் கூச்சமா இருந்துச்சு மேடம், சொல்லல. எனக்கு ஒரு மகன் இருக்கான்."

ஹெப்சிபாவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

சீனியம்மாள் சொல்லத் தொடங்கினாள். இத்தனை வருடம் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி மற்றப் பெண்கள் சொன்ன புருஷன் கதை, பிள்ளை கதை, மாமியார் கதை எல்லாம் அவள் காதில் விழுந்து, எடுக்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்து எடுத்துச் சொன்னாள். கட்டினவன் விட்டுவிட்டு ஓடியதையும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டை விட்டு இறங்கி நடந்ததையும், ஊர் ஊராக உப்பும் புளியும் சுமந்து விற்று நடந்ததையும், வைப்பாறு இரு கரையும் தொட்டு ஓடிய மழையில் பிள்ளையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடந்ததையும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனதையும், பரீட்சைக்கு நடத்திக் கூட்டிப்போனதையும், வேலைக்கு ரயிலேற்ற ஸ்டேஷன் வரை கூடவே நடந்ததையும் சொன்னாள். உட்கார்ந்தே கழிந்த ஒருத்திக்கு நடை என்பது அவ்வளவு பெரிய சங்கதியாகத் தெரிந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே மூச்சு வாங்கியது.

"பேரு தெய்வேந்திரன்." அந்தப் பெயரை மட்டும் அவள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. சின்ன வயசில், எல்லாருக்கும் நடப்பது தனக்கும் நடக்கும் என்று நினைத்திருந்த காலத்தில், எடுத்து வைத்த பெயர்.

"இப்ப எங்க இருக்கார்?"

வெகுதூரத்தில் வைப்பது நல்லது என்று அவளுக்குப் பட்டது. "சூரத்துல. துணி மில்லுல மேஸ்திரி."

"உங்களைப் பத்தி என்ன சொல்வார்?"

"எங்கம்மா கால் நின்னா உசுரு நின்ன மாதிரின்னு சொல்லுவான். என்னைய இதுநாள் வரைக்கும் நீன்னு சொன்னதில்ல மேடம், நீங்க வாங்கதான். எனக்கு என்ன தெரியும், எல்லாத்துக்கும் அவன்தான். அவன் எடுக்கிறதுதான் முடிவு."

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலகை போதவில்லை, பக்கத்தில் இன்னொரு பலகை வந்தது. அன்று சாயங்காலமே மரியசெல்வி விரிப்பை மாற்றினாள், கட்டை உப்புநீர் விட்டு நனைத்து மெல்லப் பிரித்தாள், "ஆத்துல இறங்கும்போது பயமா இல்லையாம்மா?" என்று கேட்டாள். சீனியம்மாள் பயமாகத்தான் இருந்தது என்றாள். அது உண்மைதான். ஆறு மட்டும்தான் வேறு.

சில நாள் கழித்து அவன் வந்தான். வாட்ச்மேன் ஆண்டியப்பன், எந்த வார்டு, யாரைப் பார்க்கணும் என்று கேட்பதற்குப் பதிலாக, "பெத்தவ படுத்துக் கெடக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு?" என்று திட்டி உள்ளே அனுப்பினார். மரியசெல்வியும் தன் பங்குக்குத் திட்டினாள். பாத்திமுத்து மட்டும், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறான், ஏன் பிள்ளையைத் திட்டுகிறீர்கள் என்று பரிந்து பேசி, அவன் கைக்கடிகாரத்தையும் செருப்பையும் பார்த்து, ஆள் நல்ல நிலைமையில்தான் இருக்கிறான் என்று முடிவுகட்டினாள். அவனுக்குச் சீனியம்மாளின் சப்பை மூக்கு இருந்தது, செத்துப்போன அவள் அப்பனின் தொங்கு காது இருந்தது.

"அம்மா," என்றான். "எப்படி இருக்கீங்க?"

எதிரே நிற்பது எப்படி வந்தது என்று சீனியம்மாள் யோசிக்கவில்லை. அம்மா என்று ஒரு வாய் தன்னைப் பார்த்துச் சொல்லும்போது அதன் கணக்கு வழக்கைக் கேட்க யாருக்குத் தோன்றும்? "தெய்வேந்திரா," என்று ஓவென்று அழுதாள். வார்டே சேர்ந்து அழுதது.

அதற்குப் பிறகு வந்த கொஞ்ச நாட்கள்தான் சீனியம்மாள் வாழ்ந்த நாட்கள் என்று சொல்ல வேண்டும். அவன் மாதுளை உரித்துக் கொடுத்தான், தலைக்கு எண்ணெய் வைத்தான், சீழ் வாடைக்கு மூக்கைச் சுளிக்காமல் காலைத் துடைத்தான். யார் யாரோ வந்து பிள்ளையைக் காட்டி அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒரு சமயம் அவள், "சூரத்துல மழை எல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். "நல்ல மழைதானே?" என்று அவளே எடுத்துக் கொடுத்ததும், "ஆமாம்மா, நல்ல மழை," என்று முகம் மலர்ந்தான். அவள் சொல்லாதது எதுவும் அவனிடம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். உனக்குச் சுண்டவத்தல் பிடிக்கும், உனக்குச் சின்னதில் கக்குவான் வந்தது, நீ பல்லி என்றால் பயப்படுவாய். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தாள். "என்னைய நீன்னே சொல்லுப்பா. எங்க பக்கத்துப் பிள்ளைக எல்லாம் அப்படித்தான் சொல்லும், கேக்கப் பிரியமா இருக்கும்." அவன் வாயைத் திறந்தான். நெற்றி வியர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "நீங்க," என்றுதான் வந்தது. சொன்னதோடு சேர்க்கலாம், சொன்னதை எடுக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்து, சரி போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

டாக்டர் அழகப்பன் ஒருநாள் காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முட்டிக்குக் கீழ எடுத்துரணும்மா. இந்த வாரத்துக்குள்ள எடுத்தா பொழைச்சுக்கலாம். விட்டா விஷம் ரத்தத்துல கலந்துரும்."

சீனியம்மாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எடுத்துருங்க டாக்டரய்யா. உக்காந்து பொழைக்கிற கட்டை நான். எனக்குக் கால் எதுக்கு?"

டாக்டர் நல்லவர். ஹெப்சிபா வருவதற்கு முன்னாலென்றால் அப்போதே ஆபரேஷன் தியேட்டருக்குச் சீட்டு எழுதியிருப்பார். இப்போது அவர் ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன் தலைமாட்டைப் படிக்கப் பழகியிருந்தார். அன்றும் படித்தார். கழுத்தளவுத் தண்ணீரில் நடந்ததைப் படித்தார், ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்ததைப் படித்தார். படித்துவிட்டு, கத்தியைப் பற்றிப் பேசிய தன் வாயை நினைத்து வெட்கப்பட்டவர் போல, மாதுளை உரித்துக்கொண்டிருந்த தெய்வேந்திரனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க தம்பி?" என்றார்.

தெய்வேந்திரன் எழுந்து நின்றான். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "எங்கம்மா கால் நின்னா உசுரு நின்ன மாதிரி டாக்டர். அந்தக் காலை வெட்டி எடுத்துட்டு எங்கம்மாவை எனக்குத் தர்றேன்னா, அது எங்கம்மா இல்ல. வேண்டாம். அவங்க முழுசா இருக்கட்டும், முழுசாப் போகட்டும்."

கேட் கீப்பர் மனைவி விசும்பினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி ஒரு பிள்ளையின் பேச்சை மெடிக்கல் காலேஜில் யாரும் தனக்குச் சொல்லித்தரவில்லை என்று அன்று டீக்கடையில் நின்று சொன்னாராம்.

"ஐயா, நான் சொல்றேன்லய்யா. என் காலு. எடுங்க," என்றாள் சீனியம்மாள்.

"அவரு எடுக்கிறதுதான் முடிவுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா," என்று டாக்டர் பலகையைக் காட்டினார், அவ்வளவு அன்பாக.

அவர்கள் போன பிறகு அவள் மகனின் கையைப் பிடித்தாள். "தெய்வேந்திரா, நான் சாகப் பயப்படுறேன்யா. கையெழுத்துப் போடு."

"அம்மா, உங்க கால் நின்னா..."

"அது நான் விட்ட கதைடா!"

அவன் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தான். கதை என்ற சொல்லுக்கு அவனிடம் அர்த்தம் எதுவும் இல்லை.

"நான் உனக்கு என்ன செஞ்சேன்? ஏன்டா என்னைக் கொல்ற?"

"நீங்க சொன்னதைத்தானேம்மா நான் செய்றேன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நல்லவன் என்று சொன்னாள், மரியாதை தெரிந்தவன் என்று சொன்னாள், முடிவெடுக்கத் தெரிந்தவன் என்று சொன்னாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்பான் என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. கேட்கும் பிள்ளை ஒருவனை அவள் எங்கும் பார்த்ததில்லை, தறிச் சத்தத்துக்கு மேலே வந்த எந்தக் கதையிலும் அப்படி ஒருவன் இருந்ததில்லை.

ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். கல்யாணமே இல்லை, பெற்றதே இல்லை, நடந்ததே இல்லை, நல்ல கவனிப்புக் கிடைக்கும் என்று பொய் சொன்னேன் என்றாள். ஹெப்சிபா அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"பிள்ளைக்குப் பாரமா இருந்துடக் கூடாதுன்னு பிள்ளையே இல்லைங்கிறீங்க. ஆத்துல தலைமேல தூக்கிட்டுப் போன அதே அம்மாதான் இப்பவும் பேசுறாங்க. எனக்குப் புரியாதா?"

"மேடம், என் வயித்தைப் பாருங்க. டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. பெத்த வயிறான்னு தெரியாதா?"

"அம்மா. அப்படியெல்லாம் பேசக் கூடாது."

சீனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இதை எழுதுங்க. என் மகன் செத்துப்போயிட்டான். சூரத்துல. நேத்தே செத்துட்டான்."

டிபன் கேரியரோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றவனைப் பார்த்து ஹெப்சிபா பதறிப்போனாள். சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். விஷம் தலைக்கு ஏறத் தொடங்கிவிட்டது, இனி அம்மா சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவனிடமும், டாக்டரிடமும், வார்டிலுள்ள எல்லாரிடமும் போய்ச் சொன்னாள். அன்றிலிருந்து சீனியம்மாள் எதைச் சொன்னாலும் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பெற்ற பிள்ளையைச் செத்துவிட்டான் என்கிறாளே என்று பாத்திமுத்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, தன் நோன்புக் கஞ்சிப் பதத்தைத் தெய்வேந்திரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீனியம்மாளுக்கு மிச்சமிருந்தது ராமுத்தாய். துணிக் கடையில் உட்காரும் பலகையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இளவயசிலிருந்து அவளோடு உட்கார்ந்து துணி மடித்தவள். சீனியம்மாள் எந்த நாளில் வேலைக்கு வரவில்லை என்பது முதல் அவளுக்குத் தெரியும். வயிற்றில் ஒரு பிள்ளையை ஒளித்துவைக்க அந்தப் பலகையில் இடமே கிடையாது. பெருக்க வந்த பெண்ணின் கையைப் பிடித்துக் கெஞ்சி, சத்திரப்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் சொல்லியனுப்பி, சீனியம்மாள் அவளை வரவழைத்தாள். ராமுத்தாய் வந்தபோது காலில் கறுப்பு கெண்டைச் சதை வரை ஏறியிருந்தது, காய்ச்சல் அனலாக அடித்தது.

"ஏத்தா ராமுத்தாயி, வந்துட்டியா. இவக கிட்டச் சொல்லு. எனக்குப் பிள்ளை இருக்கா? நீ சொல்லு, உன் வாயால சொல்லு."

டாக்டரும் ஹெப்சிபாவும் மரியசெல்வியும் நின்றார்கள். கட்டிலின் அந்தப் பக்கம் தெய்வேந்திரன் நின்றான். ராமுத்தாய் அவனைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். அந்தக் காதைப் பார்த்தாள். சீனியம்மாளின் அப்பனுக்கு அவள் கையால் கூழ் ஊற்றியிருக்கிறாள், அந்தக் காது அவளுக்கு மறக்குமா?

"சித்தி," என்றான் தெய்வேந்திரன். துணி மடிக்கிற இடத்தில் கூட உட்காருகிறவளைப் பற்றி அம்மா எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ராமுத்தாயின் முகம் கோணியது. எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள், அது ஆத்திரம்.

"எத்தன வருசம்டி? எத்தன வருசம் பக்கத்துல உக்காந்து மடிச்சேன்? என் மக செத்தப்போ உன் மடியிலதானே கெடந்து கதறினேன். என் புருசன் அடிச்ச அடி ஒவ்வொண்ணும் ஒனக்குத் தெரியும். ஆம்பளப் பிள்ளையப் பெத்துச் சூரத்துல மேஸ்திரியா வச்சுக்கிட்டு, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னியாடி நீ என்கிட்ட?"

"அய்யோ, பெக்கலடி! எப்படிடி பெப்பேன், நீதான் கூடவே இருந்தியே!"

"இருந்தேன். கண்ணு குருடா இருந்திருக்கேன். பாவி, நல்லா அழுத்தக்காரிதான் நீ." ராமுத்தாய் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைக்காமல் தெய்வேந்திரன் கையில் கொடுத்தாள். "அம்மாவ நல்லாப் பாத்துக்கய்யா," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். வெகுகாலம் வரை சத்திரப்பட்டியில் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள் என்பார்கள்.

அந்த வாரம் முடிந்தது. இனி எடுத்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். ஹெப்சிபா சில ராத்திரி தூங்கவில்லை. இந்த அம்மாவுக்கு இந்த ஆஸ்பத்திரி கடைசியாகச் செய்யக்கூடியது என்ன என்று யோசித்து, பலகையை மறுபடி மறுபடி படித்து, ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. ஆண்டியப்பன் வராந்தாவைக் கழுவி விட்டார். கேட் கீப்பர் மனைவி வாசலில் கோலம் போடச் சொன்னாள். நடக்கக்கூடிய நோயாளிகள் எல்லாம் சுவரோரமாக இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"வாங்கம்மா," என்றாள் ஹெப்சிபா, கண் கலங்கச் சிரித்துக்கொண்டு. "நாம நடக்கப் போறோம்."

சீனியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. தெய்வேந்திரன் ஒரு பக்கமும் மரியசெல்வி ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது விளங்கியது. "வேண்டாம்," என்றாள். "தாயி, வேண்டாம். சிஸ்டரம்மா, உங்களைக் கும்பிடுறேன்." கும்பிடக் கையைச் சேர்க்க முடியவில்லை, இரண்டு கையையும் இருவரும் பிடித்திருந்தார்கள். அந்தக் காலைத் தரையில் வைத்தார்கள். கறுத்த தோலுக்குள்ளே எதுவோ நழுவியது. அவள் அலறிய அலறலில் கீழே பிரசவ வார்டில் குழந்தைகள் விழித்து அழுதன.

"இப்படித்தானேம்மா ஆத்துலயும் நடந்தீங்க," என்றான் தெய்வேந்திரன் அவள் காதருகில். "நடங்கம்மா. நீங்க நடந்தாதான் நீங்க."

நடத்தினார்கள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஆற்றைக் கடப்பது போல, வழுக்கிவிடாமல், விழுந்துவிடாமல், அவ்வளவு கவனமாக நடத்தினார்கள். ஈரத் தரையில் அவள் கால் பட்ட இடமெல்லாம் கறை பட்டது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் கைதட்டினார்கள். பேசுவதை நிறுத்தியிருந்த பாத்திமுத்துகூட மனம் இளகி, கையேந்தி அவளுக்காகத் துவா கேட்டாள். பாதி வழியில் சீனியம்மாளின் குரல் நின்றது. தலை மகனின் தோளில் சாய்ந்துவிட்டது. அமைதி வந்துவிட்டது அவள் முகத்தில் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குப் பின் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வந்தபோதெல்லாம் குளிர் நடுக்கியது. கட்டிலைச் சுற்றி ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள், ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. ஒருமுறை கண் திறந்து, தெய்வேந்திரனைப் பார்த்து, அவனை அடிப்பதற்காகக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அவன் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை சூடாக இருந்தது. உலகத்தில் அவளைப் பிடித்திருந்த கை அது ஒன்றுதான். உதறத்தான் நினைத்தாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்காமல் அந்தக் கையை இறுக்கிக்கொண்டன. அப்படியே இறுக்கிக்கொண்டு செத்தாள். பிரித்தெடுக்க மரியசெல்வி எண்ணெய் தடவ வேண்டியிருந்தது.

தெய்வேந்திரன் மறைந்துவிடவில்லை. வராந்தாவுக்கு வந்து, ஆட்களுக்கு நடுவில் நின்று, ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தான்.

"இனி நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

தாயை இழந்தவன் வேறு என்ன கேட்பான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஆண்டியப்பன் அவன் தோளைத் தட்டி, முதலில் மொட்டை போட்டுக் கொள்ளி வை என்றார். வைத்தான். பாத்திமுத்து, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது, வேளா வேளைக்குச் சாப்பிடு என்றாள். சாப்பிட்டான். ராமுத்தாய் வந்து, அம்மாவின் வாடகை அறையைக் காலி பண்ணிக் கொடு என்றாள். அங்கே இருந்ததையெல்லாம் தெருவில் எடுத்து வைத்தான். சூரத்துக்குத் திரும்பிப் போ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஹெப்சிபா முந்திக்கொண்டாள். இவ்வளவு பொறுமையான ஆளை அவள் பார்த்ததில்லை. "இங்க யாருமே இல்லாதவங்க எத்தனையோ பேர் வர்றாங்க தெய்வேந்திரன். நீங்க அவங்ககூட இருங்களேன். கையெழுத்துப் போடக்கூட ஆளில்லாம கிடக்கிறாங்க."

"சரி," என்றான் அவன்.

கருமாதி முடிந்த மறுநாள், ஓரத்துக் கட்டிலில் மார்க்கெட் வாசலில் மயங்கி விழுந்த ஒரு கறிவேப்பிலைக்காரி கிடந்தாள். விரிப்பு புதிதாக இருந்தது, தலைமாட்டுப் பலகை துடைத்திருந்தது, ஹெப்சிபா சாக்பீஸோடு ஸ்டூலில் உட்கார்ந்து, உங்களுக்கு யார் இருக்காங்கம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலைக்காரி யாரும் இல்லை தாயி என்றாள். ஹெப்சிபா எழுந்து இடம்விட்டாள். தெய்வேந்திரன் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, "அம்மா," என்றான்.

யாரைக் கூப்பிடுகிறான் என்று அவள் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.